இரும்புச் சட்டியும் அக்கினியும்: யூத இல்லத்தில் பாத்திரச் சுத்திகரிப்பு

மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தின் தொடக்கத்தில், யூதர் கிண்ணங்களையும் செம்புகளையும் செப்புப் பாத்திரங்களையும் கழுவும் வழக்கத்தைப் பற்றி நற்செய்தியாளர் ஒரு குறிப்புத் தருகிறார். அச்சிறு குறிப்பை வைத்து நம் பிரசங்க பீடங்களில் எவ்வளவோ பேசப்பட்டிருக்கிறது. பாத்திரத்தைக் கழுவினார்கள், உள்ளத்தைக் கழுவவில்லை என்று சொல்லி, ஒரு சமூகத்தின் சமய வாழ்வு முழுவதையும் ஒரே வரியில் முடித்துவிடுவது நமக்கு எளிதாயிற்று. நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே பேசியிருக்கிறோம். ஒருமுறை வகுப்பில், "ஐயா, அவர்கள் எந்தப் பாத்திரத்தை, எதற்காக, எப்படிச் சுத்தம் செய்கிறார்கள்?" என்று ஒரு மாணவர் வினவினார். தக்க விடை நம்மிடம் இல்லை. அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

வினாவுக்கு விடை காண ஒரே ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் ஒரு யூதக் குடும்பம் பழம்பொருள் கடையொன்றில் கனமான வார்ப்பிரும்பு வறுசட்டி ஒன்றை வாங்குகிறது என்று கொள்வோம். முன்பு அதை வைத்திருந்தவர்கள் அதில் பல ஆண்டுகள் உப்பிட்ட பன்றி இறைச்சியை வறுத்தார்கள். சட்டியோ நல்ல சட்டி. அதைத் தங்கள் இல்லத்தில் பயன்படுத்த அக்குடும்பத்தார் என்ன செய்யவேண்டும்?

1. சொல்லும் பொருளும்

"கோஷர்" என்று உலக வழக்கில் வழங்கும் சொல்லின் எபிரெய வடிவம் "காஷேர்" என்பதாகும். தகுதியானது, ஏற்றது என்பது இதன் பொருள். எஸ்தர் ராணி அரசன் முன் நின்று, தன் விண்ணப்பம் அவனுக்கு ஏற்றதாகத் தோன்றினால் என்று பேசும் இடத்தில் (எஸ்தர் 8:5) இச்சொல்லே வருகிறது. அங்கே உணவைப்பற்றிய பேச்சே இல்லை. ஆகவே பாத்திரத்தைக் கோஷராக்குதல் என்பது, அழுக்கை நீக்குதல் என்பதைவிட, அதை ஒரு பயனுக்குத் தகுதியாக்குதல் என்றே கொள்ளத்தக்கது.

இங்கே நாம் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் இரண்டு காரியங்களைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று தீட்டு. பிணத்தையோ செத்த பிராணியையோ தொடுவதால் மனிதருக்கும் பாத்திரத்துக்கும் நேரும் நிலை இது. லேவியராகமம் 11:32,33 இதைப்பற்றியது. ஆலய வழிபாட்டோடு பின்னிப் பிணைந்திருந்த இச்சட்டங்களில் பெரும்பகுதி, கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்தபின் நடைமுறையில் இல்லாமற் போயிற்று. மற்றொன்று, விலக்கப்பட்ட உணவின் சுவை. பாத்திரத்தில் சமைக்கப்பட்ட உணவின் சுவையைப் பாத்திரம் தனக்குள் ஏற்கிறது. பின்னர் சமைக்கும் உணவுக்குள் அதை விடுகிறது. உண்ணலாகாத ஒன்றின் சுவை பாத்திரத்தின் வழியாக உண்ணத்தக்க உணவுக்குள் வந்துவிடும் என்பதே இங்குள்ள கவலை. மாற்கு ஏழாம் அதிகாரம் கூறும் கைகழுவுதல் முதல் வகையைச் சார்ந்தது. நம் வறுசட்டியின் பிரச்சினை இரண்டாம் வகையைச் சார்ந்தது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசும் பிரசங்கம் தொடக்கத்திலேயே வழி தவறிவிடுகிறது.

2. திருமறையின் அடிப்படை

இச்சட்டத்தின் வேர் எண்ணாகமம் 31:21-24இல் உள்ளது. மீதியானியரோடு நடந்த போருக்குப்பின், கொள்ளைப் பொருள்களாகக் கொண்டுவரப்பட்ட பொன், வெள்ளி, வெண்கலம், இரும்பு, தகரம், ஈயம் ஆகியவற்றைப்பற்றி ஆசாரியனாகிய எலெயாசார் கட்டளையிடுகிறான். அக்கினியைத் தாங்கத்தக்கவை அக்கினியைக் கடக்கவேண்டும். தாங்காதவை தண்ணீரைக் கடக்கவேண்டும். அக்கினியைக் கடந்தவையும் தீட்டுக்கழிக்கும் ஜலத்தால் சுத்திகரிக்கப்படவேண்டும். அவ்வதிகாரம் முழுவதும் இரத்தம் தோய்ந்த அதிகாரம்; அதை நடுக்கமின்றி வாசிக்க இயலாது. அப்படிப்பட்ட போர்க்களத்துக் கட்டளையிலிருந்துதான், பின்வந்த யூத போதகர்கள் அடுக்களைக்குரிய ஒழுங்கைக் கண்டெடுத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

இரண்டாவது பகுதி லேவியராகமம் 6:28. பாவநிவாரண பலியின் மாம்சம் மண்பாண்டத்தில் சமைக்கப்பட்டால் அப்பாண்டம் உடைக்கப்படவேண்டும். செப்புப் பாத்திரத்தில் சமைக்கப்பட்டால் அது துலக்கிக் கழுவப்படவேண்டும். மண்பாண்டம் ஏற்றதை முற்றிலும் வெளிவிடுவதில்லை, உலோகம் வெளிவிடுகிறது என்னும் முடிவை ரபீமார் இதிலிருந்து பெற்றனர். கவனிக்க: இங்கே பாண்டத்துக்குள் இருப்பது அசுத்தமானது அன்று, மகா பரிசுத்தமானது. பரிசுத்தமானதன் மீதியும் தன் காலத்துக்குப்பின் பாத்திரத்தில் தங்கியிருக்கலாகாது.

ஆலயத்துப் பாத்திரத்துக்குரிய ஒழுங்கு வீட்டு அடுக்களைக்கு வந்தது எவ்வாறு? ஆலயம் நின்ற காலத்தில் பலிபீடம் மனிதனுக்காகப் பாவநிவர்த்தி செய்தது, இப்போது அவனது உணவு மேசை அதைச் செய்கிறது என்னும் கருத்துப்படப் பாபிலோனியத் தல்மூத் கூறுகிறது. எசேக்கியேல் 41:22இல் பலிபீடம் பீடமென்று தொடங்கி மேசையென்று முடிவதை அதற்குச் சான்றாக்குகிறது. பலிபீடம் இழந்த ஒரு ஜனம் தன் சாப்பாட்டு மேசையில் பரிசுத்தத்தைக் காத்துக்கொண்டது. வறுசட்டியைப்பற்றிய கவலை இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

3. ஏற்றவாறே விடும்

ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில், அவோதா ஸாரா என்னும் பகுதியின் கடைசி விதி, புறஜாதியாரிடம் வாங்கிய பாத்திரங்களைப் பற்றியது. முழுக்குவது வழக்கமானால் முழுக்கவேண்டும். கொதிநீரிடுவது வழக்கமானால் கொதிநீரிடவேண்டும். நெருப்பில் காய்ச்சுவது வழக்கமானால் காய்ச்சவேண்டும். இறைச்சி சுடும் கம்பியும் கம்பித்தட்டும் நெருப்பில் காய்ச்சப்படவேண்டியவை. கத்தி தீட்டப்பட்டால் போதும்.

இவ்வேறுபாடுகளுக்கெல்லாம் அடிப்படையாக ஒரே கொள்கை உள்ளது: பாத்திரம் எவ்வாறு ஏற்றதோ அவ்வாறே வெளிவிடும். குளிர்ந்த உணவுக்கே பயன்பட்ட கிண்ணத்தைக் கழுவினால் போதும். கொதிக்கும் குழம்பை ஏற்ற பானை, கொதிக்கும் தண்ணீரில் தான் ஏற்றதை விடும். இதற்கு "ஹகாலா" என்று பெயர். நடுவே நீரின்றி நெருப்பின் சூட்டிலேயே ஏற்ற கம்பியைக் கொதிநீர் தொடாது; நெருப்பே அதைத் தொடவேண்டும். இதற்கு "லிப்பூன்", அதாவது வெண்மையாக்குதல் என்று பெயர். இரும்பு எவ்வளவு காயவேண்டும்? அதன் மேற்தோல் உதிரும்வரை என்று ரபி மானி கூறியதாகத் தல்மூத்தில் உள்ளது. தீப்பொறி பறக்கும்வரை என்பது பின்னர் நிலைத்த அளவு.

இவ்விதிகளை அறிந்தவர்கள் யூதர் மாத்திரம் அல்லர் என்பதற்கு அப்பகுதியின் முடிவிலேயே ஒரு வரலாறு உண்டு. பாரசீக மன்னன் ஷாபூரின் முன் மார் யூதாவும் பாத்தி பர் தோபியும் அமர்ந்திருந்தனர். நாரத்தை போன்ற கிச்சிலிக் கனி ஒன்று கொண்டுவரப்பட்டது. மன்னன் அதை அறுத்துத் தான் உண்டு, ஒரு துண்டைப் பாத்திக்குக் கொடுத்தான். பின்பு கத்தியைப் பத்துமுறை மண்ணில் குத்தி எடுத்து, அறுத்து மார் யூதாவுக்குக் கொடுத்தான். நானும் யூதன் அல்லவா என்று பாத்தி கேட்க, அவர் இதில் உறுதியானவர் என்று அறிவேன், உம்மைப்பற்றி அறியேன் என்னும் பொருள்பட மன்னன் விடையளித்தான். ஒருவர் தம் நெறியில் உறுதியாக இருப்பதைப் புறசமய மன்னன் கேலி செய்யவில்லை. விருந்தோம்பலில் அதற்கு இடமளித்தான். இதனைச் சற்றே நினைவில் வைத்துக்கொள்வோம்.

4. வார்ப்பிரும்பின் இயல்பு

திருமறைக் காலத்து இஸ்ரவேலர் அறிந்த இரும்பு, உலையில் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து உருவாக்கியது. உருக்கி அச்சில் வார்க்கும் இரும்பைச் சீனர் பண்டைக் காலத்திலேயே அறிந்திருந்தனர். இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி என்பவர் மணல் அச்சில் இரும்புப் பானைகளை வார்க்கும் முறைக்கு 1707இல் காப்புரிமை பெற்றார். அதன்பின் இத்தகைய பாத்திரங்கள் மலிவாகப் பெருகின. ஆகவே யூத போதகர்கள் பழைய விதியைப் புதிய பொருளுக்குப் பொருத்தவேண்டியதாயிற்று.

வார்ப்பிரும்பில் கரி ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு வரை கலந்துள்ளது. ஆதலால் அது கடினமானது. ஆனால் வளையாது, உடையும். சூடேறிய நிலையில் குளிர்ந்த நீர் பட்டால் வெடிக்கக்கூடும். எளிதில் துருப்பிடிக்கும். துருவைத் தடுக்க அதன்மேல் எண்ணெயை மெல்லப் பூசிச் சுடவைப்பார்கள். புதிய தோசைக்கல்லை நம் இல்லங்களில் பழக்குவது இம்முறையே. சூட்டில் எண்ணெய் இறுகி, கறுத்து, வழுவழுப்பான தோலாக இரும்பின்மேல் படிகிறது. மேலும் மேலும் சமைக்கச் சமைக்க அத்தோல் வளருகிறது.

இரும்புக்குள் சுவை ஊறுமா என்று இரசாயன அறிவு வினவலாம். ஆயினும் நாம் எடுத்துக்கொண்ட வறுசட்டியைப் பொறுத்தவரை கேள்விக்கே இடமில்லை. அதன் கறுத்த தோல், பல ஆண்டுகள் வறுத்த பன்றியின் கொழுப்பால் வளர்ந்த தோலாகும். அதைச் சவுக்காரத்தால் போக்க முடியாது. அந்தச் சட்டியின் அழகும் பயனும் எதில் உள்ளதோ அதுவே அதன் தடையாகவும் உள்ளது.

5. இல்லத்தில் செய்யும் முறை

முதலாவது, பாத்திரத்தை அறியவேண்டும். அது வெறும் வார்ப்பிரும்பா, எனாமல் பூசியதா? எனாமல் கண்ணாடியைப்போன்ற பூச்சு ஆதலால், அதை மண்பாண்டத்தைப்போல் கருதி, சுத்திகரிக்க இயலாது என்று கூறும் போதகர் பலர். மரக் கைப்பிடி இருப்பின் அது நெருப்பைத் தாங்காது, கழற்றவேண்டும்.

இரண்டாவது, அது ஏற்றது எது, எவ்வாறு ஏற்றது என்று அறியவேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. யோசேப்பு காரோ தொகுத்து 1565இல் வெனிஸ் நகரில் அச்சான "ஷுல்ஹான் ஆரூக்" என்னும் சட்டநூல், எண்ணெயில் வறுக்கும் சட்டியைப் பஸ்காவுக்காகப் புளிப்பிலிருந்து விடுவிக்கக் கொதிநீர் போதும் என்கிறது. விலக்கப்பட்ட இறைச்சியை வறுத்த சட்டிக்கோ நெருப்பு வேண்டும் என்கிறது. சட்டி ஒன்றே, சூடும் ஒன்றே, தீர்ப்பு ஏன் வேறுபடுகிறது? புளித்த மா, சட்டி அதை ஏற்ற நாளில், ஆகுமான உணவாக இருந்தது. பண்டிகை வந்தபோதுதான் விலக்காயிற்று. பன்றி இறைச்சியோ ஏற்ற நாளிலேயே விலக்கப்பட்டது. ஆகுமானதாக உள்ளே சென்றது எளிதில் விடைபெறும். ஆகாததாகவே சென்றதற்கு வழி கடினமானது. நம் வறுசட்டி இரண்டாம் வகையைச் சார்ந்தது.

மூன்றாவது, சட்டியைத் தேய்த்து, ஒட்டிய உணவையும் துருவையும் இயன்றவரை நீக்கவேண்டும். பின்னர் 24 மணி நேரம் அதில் ஒன்றும் சமைக்காமல் வைப்பார்கள். ஒரு நாள் கடந்தால் உள்ளே தங்கிய சுவை கெட்டுப்போகிறது, கெட்ட சுவை உணவைப் புதிதாக விலக்காக்காது என்பது ரபீமாரின் கணிப்பு. ஆயினும் நாள் கடந்ததே போதும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. மனிதர் நேற்றைய பாத்திரத்தையும் இன்றைய பாத்திரத்தையும் குழப்பிக்கொள்வர் என்று அஞ்சி, சுத்திகரிப்பை அதற்குப் பின்னும் கட்டாயமாக்கினர்.

நான்காவது, நெருப்பு. கரி அடுப்பில் சிவக்கக் காய்ச்சுவது பழைய முறை. கைத்தீக்குழலால் பகுதி பகுதியாகக் காய்ச்சுவோரும் உண்டு. இக்காலத்தில், தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும் வசதியுள்ள ஓவன் அடுப்புகளில் வைப்பது பெருவழக்காயிற்று. அவ்வடுப்பு ஏறத்தாழ 480 டிகிரி செல்சியஸ் வரை ஏறி, உள்ளே உள்ள கொழுப்பனைத்தையும் சாம்பலாக்கும். இதையே முழுமையான லிப்பூனாக ஏற்கும் போதகர் பலர். கொதிநீரே போதுமான இடங்களில் அதற்குப் பதிலாக "இலகு லிப்பூன்" செய்வதுண்டு. பாத்திரத்தின் மறுபுறத்தில் வைத்த வைக்கோல் கருகுமளவு சூடேற்றுவது இதன் பழைய அளவு; ஏறத்தாழ 290 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வைப்பது இன்றைய வழக்கு.

ஐந்தாவது, பொறுமை. காய்ந்த சட்டியைத் தானே ஆறும்படி விடவேண்டும். அவசரப்பட்டு நீர் ஊற்றினால் வெடித்துவிடும். கடுஞ்சூட்டிலேயே சில சட்டிகள் வளைவதும் விரிவதும் உண்டு. இந்த நட்டத்தைப்பற்றிய அச்சத்தையும் ரபீமார் அறிந்திருந்தனர். மண்பாண்டத்தை நெருப்பிலிட்டுச் சுத்திகரிக்கலாமே என்ற கேள்விக்கு, உடைந்துபோகும் என்று உடையவன் இரங்கி, போதிய அளவு காய்ச்சாமல் விட்டுவிடுவான் என்று தல்மூத் விடை கூறுகிறது. மனிதன் தனக்கு அருமையான பொருளைச் சோதனைக்கு உட்படுத்தும்போது கை தளரும் என்பதைச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

ஆறாவது, முழுக்கு. எபிரெயத்தில் "தெவிலா". சட்டி இப்போது நெருப்பைக் கடந்து வெறும் இரும்பாக நிற்கிறது. நெருப்பில் வெண்மையாக்கப்பட்ட பழைய பாத்திரம் புதியதற்கு ஒப்பானது என்பது தல்மூத்தின் துணிபு. ஆயினும் புறஜாதியாரிடமிருந்து வந்த உலோகப் பாத்திரம், புத்தம் புதியதாயினும், இயற்கை நீர் திரண்ட "மிக்வே" என்னும் தொட்டியிலோ ஊற்றிலோ கடலிலோ முழுவதும் முழுக்கப்படவேண்டும். ஆசீர்வாத மொழி சொல்லி முழுக்குவார்கள். நெருப்புக்கு முன்னரே முழுக்கினால், அசுத்தமான பிராணியைக் கையில் பிடித்துக்கொண்டே நீராடியவனுக்கு ஒப்பாகும் என்பர் ரபீமார்.

இறுதியாக, முழுக்கிய சட்டியை உடனே துடைத்து, அடுப்பில் உலர்த்தி, தகுதியான தாவர எண்ணெய் பூசி, மீண்டும் முதலிலிருந்து பழக்குவார்கள். பழைய தோல் போயிற்று. இனி வளரும் தோல் அவ்வில்லத்தின் உணவால் வளரும்.

6. ஊழியர் கவனத்துக்கு

இத்தனையும் அறிந்தபின், பாத்திரம் கழுவினார்கள் என்று ஒரே வரியில் கடந்துபோக நம் மனச்சாட்சி இடந்தராது. நம் ஆண்டவர் மாற்கு ஏழாம் அதிகாரத்தில் கண்டித்தது, கொர்பான் என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்ட வஞ்சகத்தை. அது யூதர்களுக்குள்ளேயே யூதராகிய அவர் எழுப்பிய வழக்கு. அவ்வழக்கை வெளியே நின்று எடுத்தாண்டு, ஒரு ஜனத்தை இகழப் பயன்படுத்திய பிரசங்கங்களின் கசப்பான கனியை 20ஆம் நூற்றாண்டின் ஐரோப்பா கண்டது. உணவு விதிகளைப்பற்றி அப்போஸ்தலர் 10ஆம் அதிகாரத்தின் வழி நிற்கும் நாம், அவ்விதிகளைக் கைக்கொள்வோரைப்பற்றிப் பொய்ச்சாட்சி சொல்லாதிருக்கவும் கட்டளை பெற்றவர்களே.

நம் நாட்டு வாசகர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழலாம். அடுத்தவர் பாத்திரத்தில் உண்ண மறுப்பது என்றதும், தனிக்குவளை வைத்த சாதிக் கொடுமையே நம் நினைவுக்கு வருகிறது. இரண்டும் ஒன்றல்ல. புறஜாதியாரிடமிருந்து வரும் பாத்திரம் இஸ்ரவேலின் பரிசுத்தத்துக்குள் கடந்து வருவதற்கே முழுக்கு என்று எருசலேம் தல்மூத் பேசுவது உண்மை. எல்லைக்கோடு ஒன்று அங்கே இருப்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் யூத இல்லத்தில் விருந்துண்ணும் புறஜாதியார் தொட்டதால் தட்டோ குவளையோ தகுதியிழப்பதில்லை. சட்டி எதைச் சமைத்தது என்பதே கேள்வி. யார் கை தொட்டது என்பதன்று. மேலும், சாதி ஒருவனைப் பிறப்பிலேயே தீர்ப்பிட்டு மீட்பின்றி விடுகிறது. இவ்விதியோ பன்றி வறுத்த சட்டிக்கும் திரும்பிவரும் வழியைக் காட்டுகிறது. யூத நண்பர் ஒருவர் நம் இல்லத்தில் சமைத்த உணவை மறுத்தால், அது அவமதிப்பன்று. அறுக்காத பழங்களை அவர்முன் வைப்போம். உணவினிமித்தம் சகோதரனைத் துக்கப்படுத்தாதிருக்க ரோமர் 14ஆம் அதிகாரத்தில் கற்ற நாம், ஷாபூர் மன்னன் காட்டிய மரியாதைக்குக் குறைந்தவர்களாகலாமா?

நாம் கற்கவேண்டியதும் உண்டு. ஏற்றவாறே வெளிவிடும் என்னும் விதி, பாத்திரத்தைப்பற்றியதே. நாம் அதை அவசரப்பட்டு உருவகமாக்கவேண்டாம். எனினும் ஆத்துமாக்களைப் பராமரிக்கும் ஊழியர் இவ்விதியின் முன் சற்று நிற்பது நல்லது. பல ஆண்டுகளின் கடுஞ்சூட்டில் ஒருவருக்குள் இறுகிய கசப்பு, ஒரு ஜெபக்கூட்டத்தின் வெதுவெதுப்பில் நீங்கிவிடும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். நீங்காதபோது அவர்மேல் குறை காண்கிறோம். எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு காலமாக, எத்தகைய நெருப்பில் அது ஏறியது என்று கேட்பதில்லை. பாத்திரத்தைச் சுத்திகரிக்குமுன் அதன் வரலாற்றைக் கேட்கும் யூத இல்லத்தாள், இதில் நம்மைவிடப் பொறுமையுள்ளவள்.

சகரியா தீர்க்கதரிசி தம் நூலின் முடிவில், வரப்போகும் நாளில் எருசலேமிலும் யூதாவிலும் உள்ள ஒவ்வொரு பானையும் கர்த்தருக்குப் பரிசுத்தமாயிருக்கும் என்று கண்டார் (சகரியா 14:20,21). ஆலயப் பாத்திரத்துக்கும் வீட்டுப் பானைக்கும் வேறுபாடில்லாத நாள் அது. அந்த நாளை எதிர்நோக்கி, தன் அடுப்பில் ஓர் இரும்புச் சட்டியைச் சிவக்கக் காய்ச்சி, அது ஆறும்வரை காத்திருக்கும் இல்லத்தைப்பற்றி, அடுத்தமுறை மாற்கு ஏழாம் அதிகாரத்தைத் திறக்கும்போது நாம் மரியாதையோடு பேசுவோமாக.